பண்டிகை என்றைக்கு?
(பெங்களூரு உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"நம் பண்டிகைகளை அகத்தில் கொண்டாடுவது" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சீடை வெடிக்காமலிருக்க என்ன செய்யவேண்டும், கொழுக்கட்டைச் சொப்பு விரியாமலிருக்க மாவை எப்படிக் கிளறவேண்டும் என்பதையெல்லாம் சொல்ல என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, அடுப்பு மூட்டுவதற்கு முன்பே எழுகிற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "பண்டிகை என்றைக்கு?" என்பதே அந்தக் கேள்வி.

நான் சாஸ்திரம் படித்தவன் அல்ல. கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். தர்ம சாஸ்திர நிர்ணயங்களை உங்கள் சாஸ்திரிகளிடம்தான் கேட்கவேண்டும். பஞ்சாங்கத்தில் இருக்கிற கணக்கைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

2025-ஆம் வருஷம் எங்கள் அபார்ட்மென்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டு 16-ஆம் தேதி எங்கள் அகத்தில் கோகுலாஷ்டமி. வாசலிலிருந்து பூஜை அறை வரை மாக்கோலப் பாதம், சீடை, முறுக்கு, வெல்லச் சீடை எல்லாம் ஆயிற்று. எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஐயங்கார் குடும்பத்தில் அன்று ஒன்றும் இல்லை. மாடியில் இருக்கும் மாத்வக் குடும்பத்திலும் இல்லை. அவர்கள் இருவரும் செப்டம்பர் 14-ஆம் தேதி கொண்டாடினார்கள். இரண்டு தடவையும் வயிறு நிறையச் சாப்பிட்ட எங்கள் பேரன், "தாத்தா, கிருஷ்ணன் ரெண்டு தடவை பிறந்தாரா?" என்று கேட்டான்.

குழந்தையின் கேள்விக்கு "அவா வழக்கம் அப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பெரும்பாலும் நாம் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதற்குச் சரியான பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் புழங்குவது சாந்திரமானம். அமாவாசையிலிருந்து அமாவாசை வரை ஒரு மாதம். அந்தக் கணக்கில் ஆகஸ்டு 16 ச்ராவண மாதத்துக் கிருஷ்ண பக்ஷ அஷ்டமி. நம் தமிழ் மாதம் சௌரமானம். சூரியன் ஒரு ராசியில் நுழைந்ததிலிருந்து அடுத்த ராசிக்குப் போகும் வரை ஒரு மாதம். அந்தக் கணக்கில் ஆகஸ்டு 16 இன்னும் ஆடி மாதம்தான். ஆவணி பிறந்தது 17-ஆம் தேதி. சிம்ம மாதத்து அஷ்டமியும் ரோகிணியும் வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு நாளில் அந்த அஷ்டமியைத் தவறவிட்டு, அடுத்த தேய்பிறை அஷ்டமி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உடுப்பி கிருஷ்ண மடத்திலும் அந்த வருஷம் செப்டம்பர் 14-தான். யாரும் தவறு செய்யவில்லை. ஒரே ஆகாயத்தை இரண்டு அளவுகோலால் அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேரனுக்கு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் புரிந்துகொண்டான்.

பெங்களூரில் வாழும் நமக்கு இந்த இரண்டு அளவுகோலும் தினசரி அனுபவம். யுகாதிக்குப் பக்கத்து அகத்திலிருந்து வேப்பம்பூவும் வெல்லமும் வருகிறது. சித்திரைப் பிறப்பன்று நாம் வேப்பம்பூப் பச்சடி கொடுத்து அனுப்புகிறோம். 2024-ல் இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள்தான்: ஏப்ரல் 9, ஏப்ரல் 14. 2026-ல் யுகாதி மார்ச் 19, நமக்கு ஏப்ரல் 14, இருபத்தாறு நாள். வருஷத்தின் பெயர் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். 2024-ல் இருவருக்கும் க்ரோதி, 2025-ல் விச்வாவஸு.

இந்த இடைவெளி ஏன் சுருங்கி விரிகிறது? பன்னிரண்டு சாந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள். சூரிய வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் குறைகிறது. இதை அப்படியே விட்டுவிட்டால் தீபாவளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு காலத்தில் சித்திரை வெயிலில் வந்து நிற்கும். அப்படி ஆகாமலிருக்க, சுமார் முப்பத்திரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தை அதிகப்படியாகச் சேர்க்கிறார்கள். அதுவே அதிக மாதம். 2023-ல் அதிக ச்ராவணம் வந்தது. அதையே நம் கணக்கில் பார்த்தால், ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசை: ஜூலை 17-ல் ஒன்று, ஆகஸ்டு 16-ல் ஒன்று. எது ஆடி அமாவாசை என்று எனக்குத் தொலைபேசியில் வந்த கேள்விகளுக்கு அளவே இல்லை. அமாவாசை தர்ப்பணம் மாதாமாதம் உண்டே, இரண்டையும் செய்துவிட்டுப் போங்களேன் என்பதுதான் என் பதிலாக இருந்தது. அந்த வருஷம் வரலக்ஷ்மி விரதமும் பின்னுக்குப் போய் ஆகஸ்டு 25-ல் வந்தது. 2026-ல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜ்யேஷ்டம்.

இனி திதிக்கு வருவோம். சந்திரன் சூரியனைவிட 12 பாகை முன்னால் போக எவ்வளவு நேரம் ஆகிறதோ அது ஒரு திதி. இதற்கும் நம் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும், விலகும்போது மெதுவாகவும் ஓடுகிறான். அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் நீளலாம். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கும், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் முடியும். அப்படியானால் பண்டிகை நாளை எப்படி முடிவு செய்வது? அந்தப் பண்டிகைக்கு உரிய வேளையில் திதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ராமன் பிறந்தது நடுப்பகலில், ஆகவே நவமி நடுப்பகலில் இருக்கவேண்டும். கண்ணன் பிறந்தது நடுநிசியில். சிவராத்திரிக்கும் நடுநிசிதான். பிள்ளையார் சதுர்த்திக்கு நடுப்பகல். நரக சதுர்த்தசிக்கு விடியற்காலை. ச்ராத்தத்துக்கு அபராஹ்ணம் என்கிற பிற்பகல் வேளை. ஒரே நாளில் காலையில் சப்தமியும் இரவில் அஷ்டமியும் இருப்பதால் ஒருவருக்கு ச்ராத்த திதி ஒன்றாகவும் பண்டிகைத் திதி வேறாகவும் அமைவது இதனால்தான். குழப்பம் என்று தோன்றும். உண்மையில் இது மிகவும் ஒழுங்கான ஏற்பாடு.

2023-ல் பிள்ளையார் சதுர்த்திக்கு நடந்த கூத்து ஞாபகம் இருக்கும். சதுர்த்தி செப்டம்பர் 18 மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் ஆரம்பித்து, 19-ஆம் தேதி மதியம் முடிந்தது. இரண்டு நாளும் நடுப்பகலைத் தொட்டுக்கொண்டு நின்றது. திருதியையோடு சேர்ந்த சதுர்த்தி உசத்தி, தாயோடு சேர்ந்த பிள்ளை என்று 18-ஐ எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. 19-ஐ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு விடுமுறையை முதலில் 17 என்று அறிவித்து, பிறகு 18-க்கு மாற்றியது. சர்க்காரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடுமுறைப் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே தயாராகிவிடும். அதில் தேதி போட்டிருப்பதால் பிள்ளையார் அன்றைக்கு வந்தாகவேண்டும் என்று இல்லை.

வாக்கியமா, திருக்கணிதமா என்பது அடுத்த சண்டை. இதில் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் நிலையை 248 வாக்கியங்களைக் கொண்டு சொல்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்களும் எண்களைக் குறிக்கும். வரருசி இயற்றியது என்பது மரபு. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அதே நிலைக்கு வர சுமார் 27.55 நாள். ஒன்பது தடவை அப்படி வந்தால் ஏறக்குறைய மிகச் சரியாக 248 நாள். தொலைநோக்கி இல்லாத காலத்தில், மனப்பாடமாகச் சொல்லக்கூடிய சந்திரக் கணக்கு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டபோது ஒரு நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் சூரியனுடைய இழுப்பால் சந்திரனின் ஓட்டத்தில் ஏற்படும் சில மாறுதல்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால் திதி முடியும் நேரம் வானத்தில் இருப்பதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் சில சமயம் சில மணி நேரம் வித்தியாசப்படும். இதைத் திருத்தவேண்டும் என்று முன்வந்தவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியவர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்ததைப் பற்றி ஜனங்களுக்குப் புரியும்படி நம் பாஷைகளில் சிறு புத்தகம் வெளியிட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கம் அச்சிட்டதும் அவர்தான். ஆசாரமான வைதிகக் குடும்பத்தில் பிறந்த மனிதர், பகலில் பஞ்சாங்கம், இரவில் தொலைநோக்கி! அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

பிறகு, சுதந்திர இந்தியாவில் 1952-ல் மேகநாத் சாஹா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். 1955-ல் அறிக்கை தந்தார்கள். 1957 மார்ச் 22 முதல் சக வருஷ தேசிய நாள்காட்டி அமலுக்கு வந்தது. அரசிதழில் அந்தத் தேதியை அச்சிடுகிறார்கள். ஒருவர் அகத்துப் பூஜை அறைக்குள்ளும் அது நுழைந்ததாக நான் பார்க்கவில்லை. மேலிருந்து உத்தரவு போட்டுப் பண்டிகை நாளை மாற்ற முடியாது என்பதற்கு அது ஒரு பாடம். எங்கள் அகத்தில் திருக்கணிதம். வாக்கியம் பார்க்கும் சம்பந்தி அகத்துக்கு அவர்கள் நாளில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். எதைப் பின்பற்றினாலும் வருஷம் முழுக்க அதையே பின்பற்றவேண்டும். சௌகரியத்துக்கு இன்று வாக்கியம், நாளை திருக்கணிதம் என்று தாவுவது எனக்கு உடன்பாடில்லை. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று எல்லோரும் பரபரத்தபோது, திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி 2026-ல்தான் என்று தெளிவாக அறிவித்துவிட்டார்கள். அந்த உறுதி நமக்கும் வேண்டும்.

சங்கராந்தியைப் பற்றி ஒரு வார்த்தை, அது இந்த ஊர் சமாசாரம். சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி நாள். இப்போது சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15. பூமியின் அச்சு பம்பரம் போல மெள்ளத் தலையாட்டுவதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இந்தத் தேதி தள்ளிப் போகிறது. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-ல். நாம் கொண்டாடுவது அதற்கு 24 நாள் கழித்து. கவிபுரம் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் சங்கராந்தி மாலை சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழுவதைப் பார்க்க வருஷாவருஷம் கூட்டம் நெரியும். திரும்பு நாளுக்கு 24 நாள் பின்னால் சூரியன் எந்த இடத்தில் மறைகிறானோ, 24 நாள் முன்னாலும் அதே இடத்தில்தானே மறையவேண்டும்? ஆம், நவம்பர் கடைசி வாரத்திலும் அதே ஒளி விழுகிறது. இந்த ஊர் வானியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2008-ல் எழுதியும் இருக்கிறார்கள். நவம்பரில் போனால் நெரிசல் இல்லாமல் தரிசிக்கலாம். கூட்டத்தில் நிற்க முடியாத என் வயதுக்காரர்களுக்காக இதைச் சொன்னேன்.

இப்போது, இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நம்மில் பாதிப் பேருக்குக் குழந்தைகள் வெளியூரில், வெளிநாட்டில். "அப்பா, தீபாவளி என்றைக்கு?" என்று கேட்கிறார்கள். நாம் இங்கே இருக்கிற தேதியைச் சொல்கிறோம். அது அவர்கள் ஊருக்குப் பொருந்துமா?

2024 தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அக்டோபர் 31 விடியற்காலை கங்கா ஸ்நானம். அன்று பிற்பகல் சுமார் 3.52-க்குச் சதுர்த்தசி முடிந்து அமாவாசை வந்தது. என் பிள்ளை இருக்கும் கலிபோர்னியாவில் அந்த க்ஷணத்தில் மணி என்ன? அதே 31-ஆம் தேதி, ஆனால் விடியற்காலை 3.22. ஆக, அவர்களுக்கு 31-ஆம் தேதி பொழுது விடியும்போது சதுர்த்தசி போய்விட்டது. அவர்கள் ஊரில் சதுர்த்தசியோடு விடிந்தது 30-ஆம் தேதிதான். நான் கணக்குப் போட்டு அனுப்பினேன். "அன்றைக்கு ஆபீஸ் இருக்கிறதே, சனிக்கிழமை வைத்துக்கொள்கிறோமே?" என்றான். அதற்கு அவன் அம்மா சொன்ன பதில்தான் சரி: "எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரை மணி போதும். ஐந்து மணிக்குக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, புதுசு உடுத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போ. சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்." அப்படியே செய்தார்கள்.

என் மனைவி ஒரு வாக்கியத்தில் பிரித்துவிட்டாள். திதியோடு கட்டுண்டது ஒன்று. மனிதர் கூடுவது ஒன்று. முதலாவதை நகர்த்த முடியாது, அதற்கு அதிக நேரமும் ஆகாது. இரண்டாவதை நகர்த்தினால் தோஷமில்லை. நவராத்திரியில் கொலு ஒன்பது நாளும் இருக்கிறது; வெற்றிலை பாக்குக்கு எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஸரஸ்வதி பூஜையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும்போது அன்று நவமியே இல்லை என்பதாவது தெரிந்திருக்கவேண்டாமா?

எல்லாப் பண்டிகையும் ஊருக்கு ஊர் மாறும் என்றும் நினைக்கவேண்டாம். காரடையான் நோன்பு மாசியும் பங்குனியும் சேரும் வேளை, சூரியன் மீனத்தில் நுழையும் க்ஷணம். அது உலகம் முழுவதற்கும் ஒரே க்ஷணம். 2025-ல் இங்கே மார்ச் 14 மாலை சுமார் 6.50. சிங்கப்பூரில் அது இரவு 9.20, லண்டனில் பகல் 1.20, கலிபோர்னியாவில் காலை 6.20, மெல்போர்னில் நள்ளிரவு தாண்டி 15-ஆம் தேதி 12.20. எங்கள் மருமகள் காலையில் அடை தட்டிக்கொண்டிருந்தபோது இங்கே என் மனைவி விளக்கேற்றி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே நிமிஷத்தில் சரடு கட்டிக்கொண்டார்கள். பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற இரண்டு அகங்கள் கடிகாரத்தில் வேறு வேறு, வானத்தில் ஒன்று. அன்றைக்கு ஃபோனில் முகம் பார்த்துப் பேசியதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நம் நாட்டுக்குள்ளேயேகூட வித்தியாசம் உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் தீர்க்காம்சத்தால் மட்டும் சூரிய உதயத்தில் பத்துப் பதினொரு நிமிஷம். கல்கத்தாவுக்கும் மும்பைக்கும் ஒரு மணி நேரம். கும்பகோணத்துக்குக் கணித்த ராகு காலத்தை டில்லியில் மார்கழிக் குளிரில் அப்படியே பார்ப்பது எப்படிச் சரியாகும்? ராகு காலம் என்பது அந்த ஊர்ப் பகல் பொழுதில் எட்டில் ஒரு பங்கு. பகலே குறைந்தால் அதுவும் குறையும்.

என் தாயார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் நாழிகை, விநாழிகையில் போட்டிருக்கும், சூரிய உதயத்திலிருந்து. இரண்டரை நாழிகை ஒரு மணி. அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "சதுர்த்தி இருபத்திரண்டு நாழிகை, மூணு மணிக்குப் போயிடறது, அதுக்குள்ள நைவேத்யம் ஆகணும்" என்பாள். வருஷப் பிறப்பன்று புதுப் பஞ்சாங்கத்தை எடுத்து, மாமனார், மாமியார் ச்ராத்தம், நோன்பு, விரதம் எல்லாவற்றுக்கும் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுவாள். அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும் என்று ஊரில் பெயர், பார்த்தது அம்மா. நம் அகங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் படிப்பு என்று மதிக்கவில்லை, ஆகவே யாரும் கற்றுக்கொள்ளவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மனைவி காலமான வருஷம், பிள்ளையார் சதுர்த்தி வந்து போனதே தெரியாமல் இருந்துவிட்டார். பக்தி குறைவல்ல; தேதி சொல்ல ஆள் இல்லை.

இன்று கைபேசியில் ஊர் பெயரைத் தட்டினால் திதி, நட்சத்திரம், உதயம் எல்லாம் வந்துவிடுகிறது. நல்லதுதான், நானும் உபயோகிக்கிறேன். அது எந்த ஊருக்குக் காட்டுகிறது, வாக்கியமா திருக்கணிதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் "இன்று நள்ளிரவுக்குள் விளக்கேற்றுங்கள்" வகையறாவுக்கு ஊரும் கிடையாது, கணக்கும் கிடையாது.

ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொண்டு வந்திருக்கிறேன். ஒரு தாளில் நம் உறுப்பினர்கள் அதிகமாக இருக்கும் பன்னிரண்டு ஊர்களுக்கு, இந்திய நேரத்திலிருந்து எவ்வளவு கூட்டவேண்டும், கழிக்கவேண்டும் என்றும், எந்தப் பண்டிகைக்கு எந்த வேளைத் திதி என்றும் எழுதியிருக்கிறேன். கோடைக்காலத்தில் சில நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைப்பார்கள், அதையும் குறித்திருக்கிறேன். வாசலில் காபி வைத்திருக்கும் மேஜையில் இருக்கிறது. அகத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லா ஊருக்கும் விடை போடவில்லை. உதாரணத்துக்கு ஒன்று செய்து காட்டிவிட்டு, மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன். பேரன் பேத்திகளை உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடலாம், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தவிர.